குளத்து மராமத்தும் முன்னேற்ற அறிக்கையும்

சங்கரன்கோவில் வட்டாரத்து விவசாயத்துக்கு ஆதாரமாயிருப்பவை கரிசல் மண்ணும், ஐப்பசி கார்த்திகை மழையும், அம்மழையைத் தேக்கி வைக்கும் குளங்களுமேயாம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் பெரும்பங்கு மழையைத் தடுத்துவிடுவதால், குருவிகுளம், மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் ஆகிய ஊராட்சி ஒன்றியங்களில் குளத்துப் பாசனம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பி நிற்கிறது. அம்மழை வரும்பொழுது கரை உறுதியாகவும், மதகு அடைக்கத் தக்கதாகவும், மறுகால் செம்மையாகவும் இருந்தால் பிசானச் சாகுபடி நடைபெறும். இம்மூன்றில் ஒன்று குறைவுபட்டாலும் வந்த நீர் வந்த வழியே போய்விடும். குடியானவர் அடுத்த மழைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகையால் குளத்து மராமத்து என்பது எப்பொழுதாவது முடிந்தால் போதும் என்று விடக்கூடிய வேலையன்று. மற்றக் கட்டடங்கள் இரண்டு மாதம் பிந்தினால் இரண்டு மாதமே நஷ்டம். குளத்து வேலை இரண்டு வாரம் பிந்தினால் ஒரு போகமே நஷ்டமாகலாம். இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டு, மராமத்து வேலைகளைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பப்படும் முன்னேற்ற அறிக்கைகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை மிராசுதார்களும், பாசன சங்க நிர்வாகிகளும், கிராம உத்தியோகஸ்தர்களும் ஆலோசிப்பது அவசியம். இக்காலத்தில் இவ்வறிக்கைகளைக் கணினியிலும் செல்பேசியிலும் தயாரிப்பது வழக்கமாகிவிட்டதால், அந்த ஆலோசனை முன்னிலும் அதிகமாக வேண்டப்படுகிறது.

பழைய கணக்கு.

வேலைக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1883ம் வருஷத்தில் ஏரிப் புனருத்தாரணத் திட்டம் தொடங்கப்பட்டபொழுது, ஒவ்வோர் ஏரிக்கும் அதன் கொள்ளளவு, ஆயக்கட்டு, கரையின் உயரம், மதகுகள், கலிங்கின் நீளம் முதலிய விவரங்களடங்கிய குறிப்பேடு ஒன்று தயாரிக்கப்பட்டது. ஏரி இருக்க வேண்டிய நிலை இன்னது என்று அந்த ஏடு சொல்லும்; நேரிற் சென்று அளந்தால் இப்பொழுதிருக்கும் நிலை தெரியும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே செய்ய வேண்டிய வேலை. முன்னேற்ற அறிக்கையின் தத்துவம் முழுவதும் இதனுள் அடங்கும்.

2017ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் குடிமராமத்து முறையை மறுபடியும் உயிர்ப்பித்து, முதலில் 100 கோடி ரூபாய்ச் செலவில் 1,519 வேலைகளை எடுத்துக்கொண்டது. ஆயக்கட்டுதாரர் சங்கங்களே வேலையை நடத்துவதென்றும், செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் அளிப்பதென்றும் ஏற்பாடாயிற்று. இவ்வாறு பங்கு கொடுத்தவர், கொடுத்த பங்குக்கு என்ன வேலை நடந்தது என்று கேட்க முழு உரிமை உடையவர். அந்தக் கேள்விக்குரிய விடையே முன்னேற்ற அறிக்கை. அது மேலதிகாரியின் மேஜைக்கு மாத்திரம் உரியது என்று எண்ணுவது தவறு.

கணினி தரும் உதவி.

வேலைகளை நாள்வாரியாகப் பிரித்துக் கோடுகளாக வரைந்து காட்டும் அட்டவணையை அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் என்பவர் 1910ம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் பரவச் செய்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலையைத் தொடங்கலாம் என்று கோத்துப் பார்த்து, மொத்தக் காலத்தை நிர்ணயிக்கின்ற தொடரைக் கண்டுபிடிக்கும் முறை 1950ம் வருஷங்களின் பிற்பகுதியில் அந்நாட்டிலேயே உருவாயிற்று. 1984ல் மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் என்னும் மென்பொருள் வெளிவந்தபின், இக்கணக்குகளைச் சாதாரணக் கணினியிலேயே போடலாம் என்றாயிற்று. விலையின்றிக் கிடைக்கும் கான்ட் பிராஜெக்ட் போன்ற மென்பொருள்களும் உண்டு. ஒரே குளத்து வேலையாயின் சாதாரண அட்டவணை மென்பொருளே போதும்.

இம்மென்பொருள்கள் செய்யும் உதவி மூன்று வகைப்படும். வேலைகளை வரிசைப்படுத்தி எது எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டுவது ஒன்று. தொடக்கத்தில் வகுத்த தேதியையும் இன்றைய நிலையையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக் காட்டுவது இரண்டாவது. பல குளங்களின் கணக்கை ஒரே தாளில் சேர்த்துக் காட்டுவது மூன்றாவது. ஒன்றியத்தில் அநேக வேலைகளைக் கவனிக்க வேண்டிய அதிகாரிக்கு மூன்றாவது உதவி பெரிது. குளத்தடி விவசாயிக்கு முதல் இரண்டுமே முக்கியம்.

செலவு வேறு, வேலை வேறு.

முன்னேற்ற அறிக்கைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை, செலவான பணத்தை முடிந்த வேலையாக எழுதிவிடுவதாகும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு குளத்து மராமத்துக்கு 40 லட்சம் ரூபாய் மதிப்பீடு என்று வைத்துக்கொள்க. அதில் கரையைப் பலப்படுத்த 16 லட்சம். இரண்டு மதகுகளைப் புதிதாகக் கட்ட 8 லட்சம். மறுகால் பழுது பார்க்க 6 லட்சம். வரத்துக்கால் செப்பனிடவும் தூர் வாரவும் 10 லட்சம். வைகாசித் தொடக்கத்தில் ஆரம்பித்து 16 வாரங்களில் முடிப்பது ஏற்பாடு. பத்து வாரம் கழிந்து, ஆடி மாத முற்பகுதியில் 24 லட்சம் ரூபாய் செலவாகியிருக்கிறது. ‘வேலை 60 சதவிகிதம் முடிந்தது’ என்று அறிக்கை போகிறது. படிப்பவருக்குத் திருப்தியாயிருக்கும்.

இனி அளவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் நிலைமை வேறாகத் தெரியும். கரையில் 14 லட்சம் பெறுமான வேலையும், வரத்துக்கால் மற்றும் தூர் வாரலில் 6 லட்சம் பெறுமான வேலையும் நடந்திருக்கின்றன. மதகிலும் மறுகாலிலும் ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. ஆக, செய்த வேலையின் மதிப்பு 20 லட்சம். செலவு 24 லட்சம். ஏற்பாட்டின்படி இந்நாளுக்குள் செய்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு 26 லட்சம். இந்த மூன்று தொகைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் முறையை 1967ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்தக்காரர்களுக்கு விதித்தது. பிற்காலத்து மென்பொருள்கள் பலவற்றில் இக்கணக்கு உள்ளடங்கியிருக்கிறது. ஆயினும் அதற்குக் கணினி கட்டாயமில்லை. கூட்டல் கழித்தல் வகுத்தல் தெரிந்த எவரும் போடலாம்.

அக்கணக்கு சொல்வது யாதெனில்: 24 ரூபாய் செலவிட்டு 20 ரூபாய் பெறுமான வேலையே கிடைத்திருக்கிறது, இதே விகிதத்தில் சென்றால் 40 லட்ச ரூபாய் வேலை முடிய 48 லட்சம் வேண்டியிருக்கும், 8 லட்சம் குறைவுபடும். இதனை ஆடியிலேயே அறிந்தால் செலவைச் சுருக்கவோ, கூடுதல் தொகை கேட்கவோ, தூர் வாரலில் ஒரு பகுதியை அடுத்த கோடைக்குத் தள்ளவோ அவகாசம் உண்டு. புரட்டாசியில் அறிந்தால் வேலையைப் பாதியில் நிறுத்துவதன்றி வேறு வழியிராது.

எது முந்த வேண்டும்.

மேற்கூறிய உதாரணத்தில் மற்றொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. மண் வேலை ஏற்பாட்டுக்கு முந்தியும், மதகு வேலை பிந்தியும் நிற்கின்றன. இது தற்செயலாக நேர்வதன்று. மண் வேலை இயந்திரத்தால் விரைவில் நடப்பது. பார்ப்பவர் கண்ணுக்கும் பெரிதாகத் தெரிவது. பட்டியலும் சீக்கிரம் தொகையாகும். மதகு வேலையோ சிறிது. கொத்தர், கம்பி, பலகை, கதவு என்று பலவற்றுக்குக் காத்திருப்பது. ஆகையால் எளியது முதலிலும் அரியது கடைசியிலும் செய்யப்படுகின்றன.

ஆனால் காலத்தை நிர்ணயிப்பது மதகேயாம். பழைய மதகை உடைத்தெடுக்க 1 வாரம். அடித்தளமும் சுவரும் கட்ட 4 வாரம். கான்கிரீட் நனைந்து முற்றித் தக்க பலம் பெற 4 வாரம். கதவு பொருத்தி, வெட்டிய கரையை மண்ணிட்டுத் திமிசு போட்டு மூட 2 வாரம். ஆக 11 வாரம். அறிக்கையின்படி மீதியுள்ள காலமோ 6 வாரம். ஆடி முற்பகுதியில் இன்றே தொடங்கினாலும் புரட்டாசிக் கடைசியில்தான் மதகு முடியும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்குவதால், எஞ்சி நிற்பது ஒன்றிரண்டு வாரமே. இனி வீணாகும் வாரங்கள் அந்தச் சொற்ப இடைவெளியைத் தின்றுவிட்டு, மழைக்குள்ளேயே புகும். கரையை வெட்டிப் போட்ட நிலையில் மழை பிடித்துக்கொண்டால், மராமத்து தொடங்காத குளத்தைவிட அக்குளத்தின் கதி மோசமாகும்.

தூர் வாரல் பிந்தினால் கொள்ளளவில் ஒரு பகுதி குறையும். மதகு பிந்தினால் கொள்ளளவு முழுவதும் பயனற்றுப் போகும். இரண்டையும் ஒரே சதவிகிதத்தில் கலந்து எழுதும் அறிக்கை உண்மையைச் சொன்னதாகாது. ‘60 சதவிகிதம்’ என்னும் சொல்லுக்குள் மதகு மறைந்து கிடக்கிறது. ஆகையினால் அறிக்கையின் முதல் வரியிலேயே, ‘மழைக்கு முன் குளம் நீர் பிடிக்குமா?’ என்ற கேள்விக்கு விடை எழுதப்பட வேண்டும்.

இவ்விதி சிறு குளத்துக்கு மாத்திரமன்று. தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புக் கால்வாய் சுமார் 75 கிலோமீட்டர் நீளமுள்ளது. 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில், நான்கு கட்டங்களாக, 2009ம் வருஷத்தில் அவ்வேலை தொடங்கியது. 2025ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான் உபயோகத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்குள் செலவு 1,000 கோடி ரூபாயைக் கடந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. நிலம் கையகப்படுத்துதல் அவற்றுள் முக்கியமான ஒன்று. கால்வாய் எத்தனை கிலோமீட்டர் வெட்டப்பட்டிருப்பினும், இடையில் ஒரு துண்டு நிலம் கைக்கு வராதவரை அதற்கப்பால் தண்ணீர் செல்லாது. குளத்துக்கு மதகு எப்படியோ, அப்படியே கால்வாய்க்கு அந்த நிலத் துண்டு.

அறிக்கையில் இருக்க வேண்டியவை.

ஒரு வேலையின் அறிக்கை ஒரு தாளுக்கு மேற்படலாகாது. பதினைந்து நாளுக்கொரு முறை எழுதுவது உத்தமம். அதில் அடியிற்கண்ட ஆறு விஷயங்கள் அடங்கினால் போதும்.

1. அளந்த தேதி. அறிக்கை எழுதிய தேதி வேறு, வேலையை அளந்த தேதி வேறு. இரண்டாவதையே முக்கியமாகக் குறிக்க வேண்டும்.

2. ஒவ்வோர் அங்கத்திலும் செய்ய வேண்டிய அளவு, செய்த அளவு, மீதி. கரையை மீட்டரிலும், மண்ணைக் கன மீட்டரிலும், மதகை எண்ணிக்கையிலும் எழுத வேண்டும். ‘ஏறக்குறைய முடிந்தது’ என்று எழுதலாகாது. மதகு, கதவு போன்றவை முழுவதும் முடிந்தாலன்றி முடிந்ததாகக் கணக்கில் ஏற்றக் கூடாது.

3. மேற்கூறிய மூன்று தொகைகள்: செய்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு, செய்த வேலையின் மதிப்பு, செலவு.

4. காலத்தை நிர்ணயிக்கும் வேலை எது, அது முடிய இன்னும் எத்தனை வாரம், மழைக்கு எத்தனை வாரம்.

5. தடைகள். ஒவ்வொரு தடைக்கும் எதிரில், அதனை நீக்க வேண்டியவர் யார், எந்த நாளுக்குள் என்று இருக்க வேண்டும். ‘ஆக்கிரமிப்பு உள்ளது’ என்று மாத்திரம் எழுதுவது முறையீடாகுமேயன்றி அறிக்கையாகாது. ‘வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு, எல்லை அளந்து கல் நட நில அளவையர் வர வேண்டும், ஆடி 20ம் தேதிக்குள்’ என்று எழுதினால் அதுவே பாதிப் பரிகாரம்.

6. சென்ற அறிக்கையில் வாக்களித்தவற்றில் நடந்தது எது, நடவாதது எது.

இந்த ஆறிலும் உயிர்நிலை ‘மீதி’ என்னும் பத்தியே. செய்தது எவ்வளவு என்பது பெருமைக்கு உதவும். மீதி எவ்வளவு என்பதே வேலைக்கு உதவும். அறுவடைக் களத்தில் நிற்பவர் அடித்த கதிரை எண்ணுவதில்லை. இருட்டுவதற்குள் இன்னும் எத்தனை கட்டு அடிக்க வேண்டும் என்றே பார்ப்பார்.

மென்பொருளில் எச்சரிக்கை.

கணினி கேட்பதற்கு விடை சொல்லுமேயன்றி, கேட்டது மெய்யா பொய்யா என்று ஆராயாது. ஒரு வேலை பிந்தினால் அதன் முடிவுத் தேதியைத் திரையில் இழுத்துத் தள்ளி வைப்பது மிக எளிது. அவ்வாறு செய்தவுடன் தாமதம் மறைந்து, எல்லாம் ஏற்பாட்டின்படி நடப்பதாகவே அட்டவணை காட்டும். ஆகையால் முதலில் வகுத்த தேதிகளை அடிப்படை ஏற்பாடாகப் பதிந்து பூட்டி வைத்துவிட வேண்டும். புதுத் தேதி கொடுத்தால் பழைய தேதி அதன் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலையிடங்களைப் படமெடுத்து அனுப்பும் செல்பேசிச் செயலி 2021ல் கொண்டு வரப்பட்டு, 2023 ஜனவரி முதல் தனிநபர் பயனாளி வேலைகள் நீங்கலாக மற்ற எல்லா வேலைகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. தினம் இரு முறை படமெடுக்க வேண்டும் என்பது விதியாயிருந்தது. அவ்விதமிருந்தும், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும், பழைய படத்தையே மறுபடி படமெடுத்த படங்களும் ஏற்றப்படுவதாக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை விட நேர்ந்தது. படம் சாட்சியாக வேண்டுமானால், அதனை அளவோடும் நேரில் கண்டோர் வாய்மொழியோடும் ஒத்துப் பார்ப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் சென்னையில் இருப்பவரைவிட, குளத்தடியில் நிலமுள்ளவராக இருப்பதே சிறந்தது. மதகு மூடுகிறதா என்பது மடையில் தண்ணீர் பாய்ச்சுபவருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

சிவப்புக் குறிக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

இம்மாதிரி அறிக்கைகளில் சரியாக நடக்கும் வேலைக்குப் பச்சையும், கவனிக்க வேண்டியதற்கு மஞ்சளும், தடைப்பட்டதற்குச் சிவப்பும் இடுவது வழக்கம். ஆனால் பல வேலைகள் மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்து, கடைசி வாரத்தில் திடீரென்று சிவப்பாகின்றன. வேலை திடீரென்று கெடுவதில்லை. முன்னமே கெட்டிருந்ததைச் சொல்லத் துணியாததே காரணம். சிவப்பிட்ட உத்தியோகஸ்தர் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவராகவும், பச்சையிட்டவர் பாராட்டுப் பெறுபவராகவும் இருக்கும்வரை இது மாறாது. சிவப்புக் குறி என்பது குற்ற ஒப்புதலன்று. உதவி கேட்கும் விண்ணப்பம். ஆடியில் சிவப்பிட்டவரைக் கண்டிக்காமல் அவருக்குக் கொத்தரும் கம்பியும் கிடைக்கச் செய்வதே மேலதிகாரியின் கடமை. உரிய காலத்தில் சொல்லாமல் மறைத்தவரையே கண்டிக்க வேண்டும்.

சிலர் கூறும் ஆட்சேபம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் முன்னமே அனுப்பும் கணக்குகள் போதாதா, இதுவும் ஒரு பாரமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபத்தில் நியாயமுண்டு. ஒரே விவரத்தை மூன்று செயலிகளில் மூன்று முறை ஏற்றச் சொல்வது வீண் வேலை. அதைக் குறைக்க வேண்டியது மேலிடத்தின் பொறுப்பு. ஆனால் இங்கே கூறப்படுவது கூடுதல் அறிக்கையன்று. பயனற்ற பல பத்திகளுக்குப் பதிலாக ஆறு விஷயங்களடங்கிய ஒரே தாள். அளவு கையிலிருந்தால் அதை எழுத அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கணினி தெரியாத சங்கத்தார் என்ன செய்வது என்பது மற்றொரு கேள்வி. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் இதே ஆறு விஷயங்களை எழுதட்டும். கணினியில் ஏற்றுவதைப் படித்த இளைஞர் ஒருவரிடம் ஒப்புவிக்கலாம்; ஊர் தோறும் அத்தகையோர் இருக்கின்றனர். அளப்பதை மாத்திரம் பிறரிடம் விட்டுவிடலாகாது.

செய்ய வேண்டியது.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவதற்குக் குறித்துள்ள ஆறு நாட்களில் மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் குளத்து வேலையின் காலத்தோடு நன்கு பொருந்துகின்றன. உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச்சு 22ல் எந்தக் குளத்தில் என்ன வேலை என்று முடிவு செய்யலாம். மே 1ல் அடிப்படை ஏற்பாட்டை வாசித்துப் பதியலாம். ஆகஸ்டு 15ல், அதாவது ஆடிக் கடைசியில், மீதியையும் தடையையும் வாசிக்கலாம். திருத்திக்கொள்ள அதுவே ஏற்ற தருணம். அக்டோபர் 2ல் மதகை மூடித் திறந்து காட்டிய பின் முடிவு அறிக்கையை வாசிக்கலாம். இடையிடையே வரும் அறிக்கைகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டி வைத்தால், வேலையில் பங்கு கொடுத்த ஒவ்வொருவரும் பார்ப்பர். பலர் பார்க்கும் கணக்கில் பொய் நெடுநாள் நில்லாது.

மிராசுதார்கள் தங்கள் குளத்தில் மராமத்து நடக்குங்கால், ‘எவ்வளவு செலவாயிற்று?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இன்னும் என்ன மீதி, மழைக்குள் முடியுமா?’ என்று கேட்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் அக்கேள்விக்கு விடை எழுதிய தாளையே மேலிடத்துக்கும் அனுப்ப வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் மழை பொய்க்கலாம். அது மனிதர் கையிலில்லை. மழை பெய்தும் குளம் நிற்கவில்லை என்ற சொல்லுக்கு இடம் வையாமலிருப்பது மனிதர் கையிலுள்ளதே.